பாஸ்போ-இஜிஎஃப்ஆர் பிளாட்டில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

புற்றுநோய்ச் செல்லின் சவ்வில் உள்ள ஏற்பிப் புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, தாளில் ஏற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறையில்) பார்க்கும்போது பேண்ட் வரவில்லை என்றால், பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது ஆன்டிபாடியைத்தான். புதுக் குப்பி வாங்குவார்கள். அதிலும் வராது. டைரோசினில் ஏறிய பாஸ்பேட் நிலைப்பதும் கழன்றுபோவதும் ஜெல் ஓடுவதற்கு வெகு முன்பே, மீடியத்தை உறிஞ்சி எடுப்பதற்கும் செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபர் ஊற்றுவதற்கும் இடையிலான ஓரிரு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் தேடலை டிஷ்ஷிலிருந்தே தொடங்குகிறோம்; ஆன்டிபாடிக்குக் கடைசியில்தான் வருகிறோம்.

எடுத்துக்காட்டாக இஜிஎஃப்ஆர் (இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைப் பற்றும் ஏற்பி) புரதத்தையும் ஏ431 செல்களையும் வைத்துக்கொள்வோம். ஏ431 ஒரு தோல்வகைப் புற்றுநோயிலிருந்து 1973-ல் உருவாக்கப்பட்ட செல் வரிசை. ஒரு செல்லில் 10 முதல் 30 லட்சம் இஜிஎஃப்ஆர் இருக்கும் என்பதால் பழகுவதற்கு இதைவிட நல்ல செல் கிடையாது. ஏ431-ல் சரியாக வராத வழிமுறை, இஜிஎஃப்ஆர் குறைவாக உள்ள ஏ549-ல் நிச்சயம் வராது. குழப்பம் வராமலிருக்க ஒரு சொல்வழக்கு: 'சவ்வு' என்றால் செல் சவ்வு, 'மெம்பிரேன்' என்றால் புரதத்தை ஏற்றும் பிவிடிஎஃப் தாள்.

சரியாக ஓடினால் எப்படி இருக்கும்

ஒப்பிட ஒரு நல்ல ஓட்டம் கையில் இல்லாமல் பிழை தேடக்கூடாது. 6 வெல் பிளேட்டில் 80% நிரம்பிய செல்களை, 0.1% பிஎஸ்ஏ மட்டும் சேர்த்த சீரம் இல்லாத மீடியத்தில் 16 முதல் 20 மணி நேரம் வையுங்கள். 37 டிகிரிக்குச் சூடாக்கிய மீடியத்தில் கலந்த இஜிஎஃப்பை, முடிவில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் (சுமார் 16 நானோமோலார்) இருக்கும்படி சேர்த்து 5 நிமிடம் விடுங்கள். பிளேட்டை ஐஸ் மேல் வைத்து, 1 மில்லிமோலார் ஆர்த்தோவனடேட் கலந்த குளிர்ந்த பிபிஎஸ்ஸால் ஒரே ஒரு முறை கழுவி, வெல்லுக்கு 150 மைக்ரோலிட்டர் லைசிஸ் பஃபர் ஊற்றிச் சுரண்டுங்கள். 15 நிமிடம் ஐஸில் வைத்து, 4 டிகிரியில் 14,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். மேல்திரவத்தில் 20 மைக்ரோகிராம் புரதம் 7.5% ஜெல்லுக்குப் போதும்.

லைசிஸ் பஃபர் வழக்கமான ரிப்பா: 50 மில்லிமோலார் டிரிஸ் பிஹெச் 7.4, 150 மில்லிமோலார் உப்பு, 1% என்பி-40, 0.5% சோடியம் டிஆக்ஸிகோலேட், 0.1% எஸ்டிஎஸ். இதனுடன் அன்றன்று சேர்க்க வேண்டியவை: 1 முதல் 2 மில்லிமோலார் ஆர்த்தோவனடேட், 10 முதல் 50 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு, 10 மில்லிமோலார் பீட்டா கிளிசரோபாஸ்பேட், 1 மில்லிமோலார் பிஎம்எஸ்எஃப், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் லியூபெப்டின். பிஎம்எஸ்எஃப் நீரில் வேகமாகச் சிதையும். 25 டிகிரியில் பிஹெச் 7.5 என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். பஃபரில் கலந்த உடனே செல்லில் ஊற்ற வேண்டும்.

ஒவ்வொரு ஜெல்லிலும் நான்கு லேன் கட்டாயம் இருக்கட்டும்: இஜிஎஃப் இல்லாதது, இஜிஎஃப் கொடுத்தது, இஜிஎஃப்ஆர் தடுப்பு மருந்தான ஜெஃபிடினிபில் (1 மைக்ரோமோலார்) ஒரு மணி நேரம் வைத்தபின் இஜிஎஃப் கொடுத்தது, இஜிஎஃப் கொடுத்த லைசேட்டை (உடைத்த செல்லின் கரைசலை) பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைமான லாம்ப்டா பாஸ்படேஸில் வைத்தது. ஒய்1068 (1068-ஆம் இடத்து டைரோசின்) தளத்தில் ஏறிய பாஸ்பேட்டைப் பார்க்கும் ஆன்டிபாடியில் இரண்டாவது லேனில் 170 முதல் 180 கிலோடால்டனில் அடர்ந்த பேண்டும், மற்ற மூன்றில் ஒன்றுமில்லாமலோ மிக மெல்லிய தடமோ தெரிந்தால் எல்லாம் ஒழுங்கு. மொத்த இஜிஎஃப்ஆர் ஆன்டிபாடியில் நான்கும் சமமாக வரும்.

நான்காவது லேனில் ஒரு பொறி உண்டு. அந்த லைசேட்டில் வனடேட், ஃபுளோரைடு, இடிடிஏ மூன்றும் இருக்கக்கூடாது. இருந்தால் பாஸ்படேஸ் வேலை செய்யாது, ஆன்டிபாடியை வீணாகக் குறை சொல்வோம். தனியாக ஒரு வெல்லை இடிடிஏ இல்லாத புரோட்டியேஸ் தடுப்பான் மட்டும் சேர்த்து லைஸ் செய்து, 1 மில்லிமோலார் மாங்கனீஸ் குளோரைடுடன் 400 யூனிட் என்சைம் சேர்த்து, 30 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள்.

அறிகுறி 1: மொத்த இஜிஎஃப்ஆர் நன்றாக இருக்கிறது, பாஸ்போ பேண்ட் மட்டும் இல்லை

அதிகமாக வரும் புகார் இதுதான். புரதம் இருக்கிறது, டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கிறது, பாஸ்பேட் மட்டும் காணோம். ஒன்று பாஸ்பேட் ஏறவே இல்லை, அல்லது ஏறியது கழன்றுவிட்டது. இரண்டையும் பிரிக்க எளிய வழி பெர்வனடேட். வனடேட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து 15 நிமிடம் வைத்து, 0.1 மில்லிமோலார் அளவில் உயிருள்ள செல்லுக்கு 10 நிமிடம் கொடுங்கள். இது செல்லுக்குள் புகுந்து டைரோசின் பாஸ்படேஸ்களை முடக்கிவிடும். இஜிஎஃப் இல்லாமலே டைரோசின்களில் பாஸ்பேட் குவியும். பெர்வனடேட் லேனில் பேண்ட் வந்து இஜிஎஃப் லேனில் வராவிட்டால் கோளாறு இஜிஎஃப்பிலோ நேரக் கணக்கிலோ. இரண்டிலும் வராவிட்டால் கழன்றுவிட்டது, அல்லது ஆன்டிபாடி பார்க்கவில்லை.

முதலில் வனடேட்டைப் பாருங்கள். சோடியம் ஆர்த்தோவனடேட்டை நீரில் கரைத்து அப்படியே பஃபரில் ஊற்றினால் பாதி வேலைதான் நடக்கும். கரைசல் மஞ்சளாக இருந்தால் அதில் இருப்பது பத்து வனடேட்டுகள் ஒட்டிய டெகாவனடேட். பாஸ்படேஸின் குழிக்குள் போய் பாஸ்பேட்டுக்குப் பதிலாக உட்காருவது ஒற்றை வனடேட்தான். 200 மில்லிமோலார் கரைசலுக்கு 100 மில்லிலிட்டரில் 3.68 கிராம். பிஹெச் 10-க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகும். நிறம் போகும்வரை கொதிக்க விட்டு, ஆறிய பின் மீண்டும் பிஹெச் 10-க்குச் சரிசெய்யுங்கள். மறுபடி மஞ்சளானால் மறுபடி கொதிக்க வையுங்கள். ஆறிய பிறகும் நிறமற்று, பிஹெச்சும் 10-லேயே நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். பிறகு சிறு சிறு பங்காக மைனஸ் 20-ல் வையுங்கள். உருக்கும்போது மஞ்சள் தட்டினால் அந்தக் குழாயைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்து, வனடேட்டைக் கெடுக்கும் துணைப்பொருள்கள். டிடிடி, பீட்டா மெர்காப்டோ எத்தனால் இரண்டும் வனடேட்டை ஒடுக்கிப் பயனற்றதாக்கும். இவற்றுக்கு இடம் சாம்பிள் பஃபரில், லைசிஸ் பஃபரில் கிடையாது. இடிடிஏ வனடேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் இடிடிஏ இல்லாவிட்டால் மெக்னீசியம் கட்டுப்படாமல் லைசேட்டில் கைனேஸ்கள் (பாஸ்பேட்டை ஏற்றும் என்சைம்கள்) ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. இடிடிஏ 1 மில்லிமோலாரைத் தாண்டாமலும் வனடேட் அதைவிடக் கூடுதலாக 2 மில்லிமோலாரும் இருந்தால் நடைமுறையில் சமாளிக்கலாம். கலவையாக வரும் புரோட்டியேஸ் தடுப்பான் மாத்திரைகளில் இடிடிஏ உள்ளது, இல்லாதது என இரண்டு வகை உண்டு. குப்பியின் மேலுள்ளதைப் படித்துவிட்டே போடுங்கள். பாஸ்படேஸ் தடுப்பான் கலவைகளிலும் இதே கதை: சில கலவைகள் செரின், த்ரியோனின் பாஸ்படேஸ்களை மட்டுமே தடுக்கும். ஃபுளோரைடும் கிளிசரோபாஸ்பேட்டும் எவ்வளவு போட்டாலும் டைரோசினைக் காக்காது.

இந்த இடிடிஏ–வனடேட் இழுபறியை மொத்தமாகத் தாண்ட ஒரு வழி இருக்கிறது; சந்தேகம் வந்தால் நாங்கள் முதலில் சொல்வதும் இதுதான். 10 மில்லிமோலார் டிரிஸ் பிஹெச் 7.5, 1% எஸ்டிஎஸ், 1 மில்லிமோலார் வனடேட் கலந்த பஃபரை 95 டிகிரிக்குச் சூடாக்கி, மீடியத்தை உறிஞ்சிய நொடியிலேயே கழுவாமல் நேரே செல் மேல் ஊற்றுங்கள். கைனேஸ், பாஸ்படேஸ், புரோட்டியேஸ் எல்லாம் ஒரே நேரத்தில் குலைந்துவிடும். சுரண்டி எடுத்து 5 நிமிடம் கொதிக்க வைத்தால் டிஎன்ஏ பிசின்போல் இழுபடும். 5 நொடி வீதம் மூன்று முறை சோனிகேட் செய்யுங்கள். இந்த முறையில் பேண்ட் வந்து ரிப்பாவில் வராவிட்டால் குற்றவாளி உங்கள் ரிப்பா அல்லது அதை ஊற்றிய வேகம். ஆன்டிபாடிக்கு இதில் பங்கில்லை.

வேகம் என்று சொன்னதும் கழுவுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று முறை பிபிஎஸ் கழுவல், நடுவில் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை, பிறகு ஐஸ் தேடல் என்று போனால் இரண்டு நிமிடம் ஓடிவிடும். டைரோசின் பாஸ்பேட்டின் ஆயுள் செல்லுக்குள் நொடிக் கணக்கில்தான். இஜிஎஃப் தொடர்ந்து இருப்பதால்தான் பேண்ட் நிற்கிறது. மீடியத்தோடு இஜிஎஃப்பை எடுத்துவிட்ட பிறகு 37 டிகிரியில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் இழப்பு. 12 வெல்லை ஒரே ஆள் செய்வதாக இருந்தால் வெல்லுக்கு 30 நொடி இடைவெளி விட்டு இஜிஎஃப் சேர்த்து, அதே வரிசையில் அதே இடைவெளியில் நிறுத்துங்கள்.

இஜிஎஃப்பே இறந்திருக்கலாம். 6 கிலோடால்டன் அளவுள்ள இந்தச் சிறு புரதம் நீர்த்த நிலையில் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஸ்டாக்காக, 0.1% பிஎஸ்ஏ கலந்து, ஒருமுறை மட்டும் உருக்கும் அளவில் பங்கிட்டு வையுங்கள். 100 நானோகிராம் அளவில் நீர்த்ததைக் குளிர்பெட்டியில் வைத்து அடுத்த வாரம் எடுத்தால் குழாயில் மிஞ்சுவது வெறும் பஃபர்.

நேரமும் முக்கியம். ஒய்1068-ன் உச்சம் 2 முதல் 5 நிமிடம். 30 நிமிடத்தில் ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டு, ஒய்1045 வழியாக சிபிஎல் என்ற யுபிக்விட்டின் லைகேஸ் பற்றிக்கொண்டு, லைசோசோமுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் மொத்த இஜிஎஃப்ஆரும் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் இல்லையென்றால் எண்ணைச் சரிபாருங்கள். இஜிஎஃப்ஆர் புரதத்துக்கு இரண்டு எண்முறை உண்டு. பழைய முறை முன்னால் வெட்டுப்படும் 24 அமினோ அமிலச் சமிக்ஞைத் துண்டை எண்ணாது; தரவுத்தளங்கள் எண்ணும். ஆக ஒய்1068-ம் ஒய்1092-ம் ஒன்றே. ஒய்1173-ம் ஒய்1197-ம் ஒன்றே. ஒய்1045 என்பது ஒய்1069. ஆன்டிபாடி பட்டியலில் ஒய்1092 என்று பார்த்து, அது வேறு தளம் என்று நினைத்து இன்னொன்று வாங்கியவர்கள் குறைவில்லை.

அறிகுறி 2: பாஸ்போவும் இல்லை, மொத்தமும் இல்லை

ஆக்டின் மட்டும் அழகாக வருகிறது என்றால் சந்தேகம் டிரான்ஸ்ஃபர் மேல். 42 கிலோடால்டன் புரதம் கடந்துபோகும் நேரத்தில் 170 கிலோடால்டன் புரதம் ஜெல்லிலேயே தங்கிவிடும். செமி-டிரையில் 20 நிமிடம் போதாது. வெட் டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள்: 25 மில்லிமோலார் டிரிஸ், 192 மில்லிமோலார் கிளைசின், மெத்தனால் 20%-க்குப் பதில் 10%, அதோடு 0.05% எஸ்டிஎஸ். 100 வோல்ட்டில் ஐஸ் வைத்து 90 நிமிடம், அல்லது 30 வோல்ட்டில் குளிர் அறையில் இரவு முழுவதும். மெத்தனால் ஜெல்லைச் சுருக்கி எஸ்டிஎஸ்ஸைப் புரதத்திலிருந்து பிரித்துவிடும், அதனால் பெரிய புரதம் நகராது. முடிந்ததும் ஜெல்லைக் கூமாசியிலும் மெம்பிரேனை 0.1% பொன்சோவிலும் போட்டுப் பாருங்கள். மேல்பகுதி எங்கே நிற்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பொன்சோவில் மேல்பகுதி நன்றாக இருந்தும் இஜிஎஃப்ஆர் இல்லையா? செல்லை டிரிப்சின் போட்டு எடுத்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சவ்வுப் புரதத்தின் வெளிப்பகுதியை டிரிப்சின் நேராக வெட்டும். பாஸ்போ ஆய்வுக்குச் செல்லைச் சுரண்டியே எடுக்க வேண்டும்.

மற்றொன்று, புரதம் கரையாமல் அடியில் போயிருக்கலாம். சுழற்றியபின் அடியில் நிற்கும் மண்டியைத் தூக்கி எறியாமல் சாம்பிள் பஃபரில் கரைத்து ஒரு லேனில் ஏற்றுங்கள். என்பி-40 மட்டும் உள்ள மென்மையான பஃபரில், கொலஸ்ட்ரால் செறிந்த சவ்வுத் திட்டுகளிலும் செல் எலும்புக்கூட்டிலும் ஒட்டியிருக்கும் ஏற்பி மண்டியோடு போய்விடும். இதனால் மொத்தமும் குறையும். அதைவிட மோசமாக, தூண்டிய செல்லிலும் தூண்டாத செல்லிலும் வேறுவேறு விகிதத்தில் குறைந்து இல்லாத மாற்றத்தை இருப்பதுபோல் காட்டும்.

அறிகுறி 3: இஜிஎஃப் கொடுக்காத லேனிலும் பேண்ட் இருக்கிறது

ஏ431-ல் மெல்லிய அடிநிலைப் பேண்ட் இயல்பு. ஏற்பிகள் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் தானாகவே இரண்டிரண்டாகச் சேரும். அதோடு இந்தச் செல் தானே டிஜிஎஃப்-ஆல்ஃபாவைச் சுரந்து தன்னைத் தூண்டிக்கொள்கிறது. ஆனால் இரண்டு லேனும் சமமாக இருந்தால் அது இயல்பு இல்லை.

சீரம் எடுத்த நேரம் போதவில்லை என்றால் 24 மணி நேரமாக்குங்கள். அதற்குமேல் போகாதீர்கள், பட்டினியில் வாடும் செல் வேறு சமிக்ஞைகளைக் கிளப்பும். பலரும் கவனிக்காத காரணம் கையாளுதல். மீடியத்தை மாற்றுவது, ஹூட்டின் புறஊதா விளக்கில் பிளேட்டைத் திறந்து வைப்பது, பெராக்சைடு மீதம், உப்புச் செறிவு ஏறிய மீடியம் என எல்லாமே இஜிஎஃப் இல்லாமல் இந்த ஏற்பியைத் தூண்டும். கட்டுப்பாட்டு வெல்லுக்கும் இஜிஎஃப் இல்லாத அதே மீடியத்தை அதே அளவில், அதே சூட்டில், அதே நேரத்தில் ஊற்றியாக வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்ட வெல் கட்டுப்பாடு ஆகாது.

லைசேட்டிலேயே பாஸ்பேட் ஏறுவதும் உண்டு. ஏ431 சவ்வுத் துண்டுகளில் இஜிஎஃப் சேர்த்தால் பாஸ்பேட் ஏறுகிறது என்று ஸ்டான்லி கோஹன் குழு 1978-ல் காட்டியது. அந்தச் சோதனையே ஐஸ் குளிரில் நடந்தது. குளிர் இந்தக் கைனேஸை முழுதாக நிறுத்தாது. எனவே டிடர்ஜென்ட்டில் கரைந்த லைசேட்டை இடிடிஏ இல்லாமல் ஒரு மணி நேரம் ஐஸில் வைப்பது ஆபத்து. சூடான எஸ்டிஎஸ் முறையில் கட்டுப்பாட்டு லேன் வெளுத்துப்போனால் இதுதான் காரணம் என்று கொள்ளலாம்.

செல் வளர்ப்பில் ஒளிந்து வளரும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனையையும் விட்டுவிடாதீர்கள். அடிநிலைச் சமிக்ஞை வாரத்துக்கு வாரம் மாறினால் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

அறிகுறி 4: பேண்ட் வேறு இடத்தில் நிற்கிறது

இஜிஎஃப்ஆரின் வெறும் புரதச் சங்கிலி சுமார் 134 கிலோடால்டன். சர்க்கரைக் கிளைகள் ஏறியதால்தான் 170-ல் நிற்கிறது. இதை மனதில் வைத்தால் பெரும்பாலான குழப்பம் தீரும்.

150-ல் இரண்டாவது பேண்ட் வந்தால் கால்பெயின் வெட்டியிருக்கிறது. கால்சியம் சேர்ந்தால் விழிக்கும் இந்தப் புரோட்டியேஸ் ஏற்பியின் உட்பகுதியில் வால்முனையைக் கத்தரிக்கும். லியூபெப்டினும் 1 மில்லிமோலார் இஜிடிஏவும் சேர்த்து, கால்சியம் இல்லாத பிபிஎஸ்ஸால் கழுவினால் மறையும். வால்முனையை அடையாளம் காணும் ஆன்டிபாடிக்கு 150 தெரியாமலே போகலாம். அப்போது 170 மட்டும் தேய்ந்துகொண்டே வரும்.

160 அருகே மெல்லிய பேண்ட், சர்க்கரை முழுதும் ஏறாத, இன்னும் செல்லின் மேற்பரப்பை எட்டாத இளம் ஏற்பி. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயில் 140-145 பேண்ட் என்றால் எக்ஸான் 2 முதல் 7 வரை இழந்த மூன்றாம் வகைத் திரிபாக இருக்கலாம். அது இஜிஎஃப் இல்லாமலே பாஸ்பேட் ஏறியிருக்கும். ஏ431-ல் 110 அருகே ஒன்று வந்தால் பதற வேண்டாம். வெளிப்பகுதி மட்டுமே உள்ள குட்டை வடிவத்தை இந்தச் செல் சுரக்கிறது. அதில் டைரோசின் வால் இல்லாததால் பாஸ்போ ஆன்டிபாடி அதைப் பார்க்காது. வெளிப்பகுதிக்கான ஆன்டிபாடிக்கு மட்டும் தெரியும்.

170 பேண்ட் மேல்நோக்கிப் புகைபோல் இழுபட்டால் யுபிக்விட்டின் ஏறியதைத்தான் பார்க்கிறீர்கள். 10 நிமிடத்துக்குமேல் இஜிஎஃப் கொடுத்த லேனில் மட்டும் அது இருந்தால் சரி.

இஜிஎஃப்ஆரின் உறவுப் புரதமான ஹெர்-2 பார்ப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ஹெர்-2 நிற்பது 185-ல், இஜிஎஃப்ஆர் 170-ல். 4-12% ஜெல்லில் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். ஹெர்-2 ஒய்1248-க்கான ஆன்டிபாடிகள், தளத்தைச் சுற்றிய வரிசை ஒத்திருப்பதால், இஜிஎஃப்ஆர் ஒய்1173-ஐயும் பிடிக்கக்கூடும். இரண்டும் உள்ள செல்லில் ஹெர்-2 ஆன்டிபாடியால் இம்யூனோபிரெசிபிடேஷன் செய்து, பிறகு பாஸ்போ ஆன்டிபாடியால் பார்த்தால் மட்டுமே நம்பலாம்.

அறிகுறி 5: ஜெல்லில் சாம்பிள் ஏற்றும் குழியின் வாயிலேயே கறுப்புத் திட்டு

ஏழுமுறை சவ்வைக் கடக்கும் சிஎக்ஸ்சிஆர்4 போன்ற ஏற்பிகளுக்குரிய தொல்லை இது. நீர்வெறுக்கும் துண்டுகள் பல இருப்பதால் 95 டிகிரியில் ஒன்றோடொன்று ஒட்டி ஜெல்லுக்குள்ளேயே நுழையாது. கொதிக்க வைக்காதீர்கள். சாம்பிள் பஃபரில் 37 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 70 டிகிரியில் 10 நிமிடம். ஒரே லைசேட்டை மூன்றாகப் பிரித்து 37, 70, 95 என்று ஒரே ஜெல்லில் ஓட்டிப் பார்த்து உங்கள் புரதத்துக்குரியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இஜிஎஃப்ஆர் ஒரே முறை சவ்வைக் கடப்பதால் கொதியைத் தாங்கும். மேலே சொன்ன சூடான எஸ்டிஎஸ் முறை அதற்குத்தான். பலமுறை கடக்கும் புரதத்துக்கு அதே பஃபரை அறை வெப்பத்தில் ஊற்றுங்கள்.

அறிகுறி 6: பின்னணி முழுக்கக் கறுப்பு, அல்லது பேண்டின் நடுவே வெள்ளை ஓட்டை

பால்பொடியைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகையானது. பாலின் கேசீனில் பாஸ்பேட் இருப்பது உண்மை, ஆனால் அது செரினில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட டைரோசின் தளத்துக்கான ஆன்டிபாடி அதில் ஒட்ட வேண்டிய காரணம் இல்லை. பிளாக் செய்வதற்குப் பால் பல ஆன்டிபாடிகளுக்கு ஒத்துப்போகும். முதல் ஆன்டிபாடியை மட்டும் 5% பிஎஸ்ஏ கலந்த டிபிஎஸ்டியில் 1-க்கு 1000 என நீர்த்து, 4 டிகிரியில் இரவு வையுங்கள். பாஸ்போசெரின் ஆன்டிபாடி என்றால் பாலை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்.

'அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம்' என்று தாளில் போட்டிருப்பது 20-25 டிகிரிக்கு. குளிரூட்டி இல்லாத அறையில் 32 டிகிரி இருந்தால் பின்னணி ஏறும். இரவு முழுவதும் குளிர் அறையில் வைப்பதே நம் ஊர்களுக்குப் பொருத்தம்.

பேண்டின் நடுப்பகுதி வெளுத்து ஓரம் மட்டும் கறுப்பாக இருந்தால் இரண்டாம் ஆன்டிபாடியில் ஒட்டிய ஹெச்ஆர்பி என்சைம் அளவுக்குமேல் இருந்து, ஒளி தரும் இசிஎல் கரைசலை நொடியில் எரித்துத் தீர்த்துவிட்டது. இரண்டாம் ஆன்டிபாடியை 1-க்கு 5,000-லிருந்து 1-க்கு 20,000-க்கு இறக்குங்கள். ஏ431-ல் 20 மைக்ரோகிராமே அதிகமாகும் சமயமும் உண்டு. 5, 10, 20 என்று ஏற்றிப் பாருங்கள். ஒன்றுமே ஒளிராவிட்டால் சோடியம் அசைடு கலந்த பஃபர் எங்காவது நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஹெச்ஆர்பியை முடக்கும்.

அறிகுறி 7: ஜெஃபிடினிப் கொடுத்தும் பேண்ட் குறையவில்லை

எந்தச் செல் என்று முதலில் பாருங்கள். ஹெச்1975 செல்லில் எல்858ஆர் மாற்றத்தோடு டி790எம் மாற்றமும் உண்டு. ஜெஃபிடினிபுக்கு அசையாது, ஒசிமெர்டினிபுக்கு அசையும். பிசி-9, ஹெச்சிசி827 இரண்டிலும் எக்ஸான் 19 இழப்பு இருப்பதால் மிகக் குறைந்த அளவிலேயே அணைந்துவிடும். செல் பெயர் மாறியிருக்குமோ என்று ஐயம் இருந்தால் எஸ்டிஆர் (டிஎன்ஏ அடையாள) சோதனை செய்யுங்கள். மற்ற ஆய்வகத்திலிருந்து கைமாறி வந்த குப்பிக்கு இது கட்டாயம். இந்தியாவில் இருப்பவர்கள் புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்திலிருந்து வாங்கி, குறைந்த பாசேஜிலேயே உறைய வைத்துக்கொள்வது நல்லது.

செல் சரி என்றால் நுட்பப் பிழை. ஜெஃபிடினிப் ஏற்பியில் நிலையாக ஒட்டாது, கழுவினால் போய்விடும். இஜிஎஃப் சேர்க்கும் மீடியத்திலும் அதே 1 மைக்ரோமோலார் இருக்க வேண்டும். மருந்து கலந்த மீடியத்தை எடுத்துவிட்டு வெறும் இஜிஎஃப் மீடியம் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. டிஎம்எஸ்ஓ எல்லா வெல்லிலும் 0.1% சமமாக இருக்கட்டும்.

அறிகுறி 8: பாஸ்போ–மொத்த விகிதம் ஒவ்வொரு முறையும் வேறு

பாஸ்போவை முதலில் பார்த்து, ஆன்டிபாடியை உரித்து, அதே மெம்பிரேனில் மொத்தத்தைப் பார்ப்பது வழக்கம். உரிக்க 62.5 மில்லிமோலார் டிரிஸ் பிஹெச் 6.7, 2% எஸ்டிஎஸ், 100 மில்லிமோலார் பீட்டா மெர்காப்டோ எத்தனால், 50 டிகிரியில் 30 நிமிடம். இதில் புரதமும் கொஞ்சம் கழன்றுபோகும்; லேனுக்கு லேன் ஒரே அளவில் போகும் என்ற உறுதி கிடையாது. முயலில் செய்த பாஸ்போ ஆன்டிபாடியும் எலியில் செய்த மொத்த ஆன்டிபாடியும் கிடைத்தால் இரு நிற ஒளிர்வில் ஒன்றாகப் பாருங்கள், உரிக்கும் வேலையே இல்லை. உரித்தால், இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்டு எதுவும் மிஞ்சவில்லை என்று உறுதிசெய்தபின் மொத்தத்துக்குப் போங்கள்.

சவ்வுப் பகுதியை மட்டும் பிரித்து ஏற்றுபவர்கள் ஆக்டினை அளவுகோலாக வைக்க வேண்டாம். சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் பொருத்தமானது. ஆனால் அதுவும் பலமுறை சவ்வைக் கடப்பதால் 95 டிகிரிக் கொதியில் ஒட்டிக்கொள்ளும். 37 டிகிரியே நல்லது. புரத அளவுக்கு பிராட்ஃபோர்டைத் தொடாதீர்கள். எஸ்டிஎஸ் அதைக் கெடுக்கும். பிசிஏ முறை 1% எஸ்டிஎஸ்ஸைத் தாங்கும், டிடிடியைத் தாங்காது.

அறிகுறி 9: பிளாட்டில் தெளிவாக இருக்கிறது, மாஸ் ஸ்பெக்கில் (பெப்டைடுகளின் நிறையை அளக்கும் கருவியில்) காணவில்லை

இதற்குப் பாதிப் பதில் புரதத்தின் வரிசையிலேயே இருக்கிறது. டிரிப்சின் வெட்டினால் ஒய்1173 தளம் 11 அமினோ அமிலம் கொண்ட குட்டையான பெப்டைடில் அமையும். நன்றாகப் பறக்கும், எளிதில் அடையாளம் தெரியும். ஒய்1068 தளமோ 31 அமினோ அமில நீளப் பெப்டைடில் சிக்கிக்கொள்கிறது. பிளாட்டில் நமக்குப் பிடித்த தளம் மாஸ் ஸ்பெக்குக்குப் பிடிக்காத தளம். 1068-தான் வேண்டுமென்றால் டிரிப்சினோடு வேறு புரோட்டியேஸும் போட்டுப் பாருங்கள்.

மீதி, அளவுப் பிரச்சினை. செல்லில் பாஸ்பேட் ஏறும் தளங்களில் டைரோசின் சுமார் 2%. மற்றதெல்லாம் செரினும் த்ரியோனினும். டைட்டானியம் டை ஆக்சைடு மணிகள் எல்லாவற்றையும் பிடிப்பதால் டைரோசின் கூட்டத்தில் காணாமல் போகும். (1979-ல் சால்க் ஆய்வகத்தில் டோனி ஹன்டர் பாஸ்போடைரோசினைப் பார்த்ததே பஃபரின் பிஹெச் 1.9-லிருந்து 1.7-க்கு நழுவியிருந்ததால்தான். சரியான பிஹெச்சில் அது பாஸ்போத்ரியோனினோடு ஒன்றாக ஓடிப் பார்வையிலிருந்து தப்பியிருக்கும்.) முதலில் பாஸ்போடைரோசின் ஆன்டிபாடியால் பெப்டைடுகளைச் செறிவாக்கி, பிறகு டைட்டானியத்துக்குப் போங்கள். 20 மைக்ரோகிராமில் இது நடக்காது. 5 முதல் 10 மில்லிகிராம் புரதத்தில் தொடங்க வேண்டும்.

ஸ்பெக்ட்ரம் முழுக்க 44 டால்டன் இடைவெளியில் சிகரங்கள் அணிவகுத்தால் என்பி-40 அல்லது டிரைட்டன் மிஞ்சியிருக்கிறது. இவற்றை முதலிலேயே தவிர்த்து, சோடியம் டிஆக்ஸிகோலேட்டில் கரையுங்கள். வெட்டி முடித்தபின் அமிலம் சேர்த்தால் அது வீழ்படிவாகி விலகிவிடும். யூரியாவில் கரைத்தால் 37 டிகிரிக்குமேல் சூடாக்க வேண்டாம், 43 டால்டன் கூடுதலாக கார்பமைல் ஏறும். தளத்தை உறுதிசெய்ய 79.966 டால்டன் கூடுதலை மட்டும் பார்த்தால் போதாது. துண்டு ஸ்பெக்ட்ரத்தில் 216.043-ல் பாஸ்போடைரோசினுக்குரிய அயனி இருக்கிறதா என்று பாருங்கள். செரினும் த்ரியோனினும் 98 டால்டன் இழந்து காட்டிக்கொடுக்கும், டைரோசின் அப்படிச் சுலபமாக இழக்காது. அந்த 98 இழப்புச் சிகரமே பெரிதாக நின்றால், நீங்கள் பிடித்திருப்பது அதே பெப்டைடின் செரினாக இருக்கும். 1068-ஐத் தாங்கும் பெப்டைடில் செரின் மட்டுமே நான்கு இருக்கின்றன.